விடியக் கருக்கலில் கேமராவும் கையுமாக: மனசை விட்டுப் போகாத ஒரு காலை

மசங்கல்:
இலங்கையின் சிவனொளிபாத மலை, பிப்ரவரி மாதம், நல்லதண்ணிப் பக்கமாக ஏறினேன். 5,000 படிக்கு மேல். அந்தக் கதை வேண்டாம், ஏறினவர்களுக்கு முழங்கால் ஞாபகம் வைத்திருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் உச்சியில் கிழக்குச் சுவரோரம் இடம் பிடித்து ட்ரைபாடை விரித்துவிட்டேன். குளிர் 2,243 மீட்டர் உயரத்துக்குத் தகுந்த மாதிரி. விரல் மரத்துப்போய் ஷட்டர் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை.

பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமாம். ஏறிய தடவைக்கு ஒன்றாக மணி அடிப்பார்கள் இல்லையா, அவர் பதினேழு அடித்துவிட்டு வந்து நின்றார். ஆறு இருபத்தைந்து வாக்கில் சூரியன் எட்டிப் பார்த்ததும் என் தோளைத் தொட்டு, "தம்பி, நெழலப் பாக்க வாங்க" என்றார். "ஒரு நிமிஷங்கய்யா" என்றேன். எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு) மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தரமும் கூப்பிட்டார். அப்புறம் அவரே போய்விட்டார்.

நான் ட்ரைபாடை மடக்கி, கூட்டத்தை விலக்கி மேற்குப் பக்கம் போனபோது அங்கே மூடுபனிதான் இருந்தது. மேற்கே விழுகிற மலையின் நிழல் இறங்கிச் சிறுத்துக் கலைந்து போயிருந்தது. படியிறங்கும்போது டீக்கடையில் அவரே எதிர்ப்பட்டு, "பாத்தீங்களா தம்பி, முக்கோணமா விழுந்துச்சே?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. கார்டில் 214 படம், அத்தனையும் சூரியன்.

வரப்புமேடு:
எனக்கு அந்தக் காலை தூத்துக்குடி உப்பளத்தில். நான் கோவைக்காரன். திருச்செந்தூர் போகிற வழியில், ஏப்ரல் மாதம். காற்றே இல்லை. பாத்தியில் நின்ற தண்ணீர் வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது, கீழே எது மேலே எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீளக் கம்பில் பலகை கட்டி நாலைந்து பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் நிழலுரு, பின்னால் ஆரஞ்சு. இதைவிட என்ன வேண்டும்?

கொஞ்சம் தாழ்வாக எடுக்கலாமே என்று வரப்பிலிருந்து ஒரு காலைப் பாத்திக்குள் வைத்தேன். மெல்லிய அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அடியில் இருந்த சேறு கலங்கி, வெள்ளைக்கு நடுவே பழுப்பாக என் செருப்புத் தடம். ஒரு அக்கா திரும்பிப் பார்த்து, "ஏ தம்பி, செருப்போடயா எறங்குதிய?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. வந்து அந்த இடத்து உப்பை மட்டும் தனியாக ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

படம் நன்றாக வந்தது. இடது ஓரத்தில் தடம் தெரிந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் எல்லோருக்கும் காட்டினேன்.

பனித்துளி70:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். தனுஷ்கோடி, ஜனவரி. ராமேஸ்வரத்தில் ஏசி அறை, ஏசி கார். 1964 புயலில் இடிந்த சர்ச் சுவர் முன்னால் இறங்கினேன், லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பூத்தது. சூரியன் பனை உயரம் ஏறிய பிறகுதான் தெளிந்தது. அவ்வளவுதான்.

ஆனால் மசங்கல் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் தப்பு ட்ரைபாட்தான். சூரியன் வந்தபின் எதற்கு ட்ரைபாட்? அதற்கு முந்தைய நீல நேரத்துக்குத்தான் (வானம் நீலமாக இருக்கும் அரையிருட்டு) அது. சூரியன் தன் அகலத்தைத் தானே தாண்ட 2 நிமிஷம்தான் ஆகும். நம் பக்கம் அது ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. சூரியன் எழும் முன் வருகிற விடியல் வெளிச்சம் நமக்கு 22 நிமிஷம் போல, ஜூன் மாத லண்டனில் முக்கால் மணி நேரம். வெளிநாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு நிதானமாக ஃபில்டர் மாட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னும் சில, புதியவர்களுக்கு. ஏசி அறையிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வையுங்கள், ஜிப்பைத் திறக்காதீர்கள். பனி பை மேல் பூத்துப் போகட்டும். ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் அந்த ஆரஞ்சை கேமரா "சரி" செய்து தொலைக்கும், டேலைட்டில் வையுங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் உட்கார்ந்துவிடும், இன்னொன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள். பழைய எஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

அப்புறம், நிழல் முக்கோணமாக விழுவது மலையே முக்கோணம் என்பதால். அதிசயம் ஒன்றும் இல்லை.

ஏலமலை:
பனித்துளி சார், அது இல்லை. மலை எந்த வடிவமாக இருந்தாலும் உச்சியிலிருந்து பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்கிற மாதிரி தெரியுமே, அதே கணக்கு. மசங்கல் அவர்களே, அடுத்த தரம் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், போதும்.

என் கதை கொழுக்குமலை. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் எலும்பு கழல ஏறினோம், மார்கழி மாதம். காலடியில் தேனிப் பக்கம் முழுக்க மேகக்கடல், எல்லோரும் எடுத்துத் தள்ளுகிற அதே படம்தான். ஆனால் அந்த மேகத்துக்கு அடியிலிருந்து ஒரு கோயில் ஸ்பீக்கர் பாட்டு வந்தது. ஊர் தெரியவில்லை, ஒரு விளக்கு தெரியவில்லை, பாட்டு மட்டும் தெளிவில்லாமல் ஏறி ஏறி வந்தது. நடுவில் ஒரு சேவல். படத்தில் இதை எங்கே வைப்பது? வீடியோ எடுத்தேன். போட்டுப் பார்த்தால் பக்கத்து ஜீப் கூட்டம் ரீல்ஸுக்கு வைத்த குத்துப்பாட்டுதான் கேட்கிறது.

முத்துநகர்க்காரி:
வரப்புமேடுக்கு. எங்க அம்மாவுக்கு உப்பளத்தில்தான் முப்பது வருஷம் ஓடியது. ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே கிளம்பிப் போவார்கள். ஏன் என்று கேட்டீர்களா? வெயில் ஏறிவிட்டால் உப்பு வெள்ளை கண்ணைப் பறிக்கும், காலில் வெடிப்புக்குள் உப்புத்தண்ணி இறங்கும். நீங்கள் எல்லோரும் காத்திருக்கிற அந்தச் சூரியன் வருவதற்குள் பாதி வேலையை முடித்துவிடத்தான் அந்த ஓட்டம். நீங்கள் மிதித்ததுகூடப் பரவாயில்லை. இருட்டில் வந்து முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பவர்களை அம்மா என்னவெல்லாம் சொல்வாள் என்று இங்கே எழுத முடியாது.

அந்த அக்காவிடம் பேர் கேட்டீர்களா?

வரப்புமேடு:
கேட்கவில்லை. வெட்டாத படம் இருக்கிறது, நேற்று திறந்து பார்த்தேன். பலகையோடு அவர் குனிந்து என் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுத்தபோது கவனிக்கவில்லை.

மசங்கல்:
அந்த நிழல் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்களேன். எப்படி இருக்கும் என்றாவது பார்த்துக்கொள்கிறேன். மே மாத வெசாக் பௌர்ணமியோடு மலையேறும் பருவம் முடிவதற்குள் இன்னொரு தரம் ஏற முடியுமா என்று பார்க்க வேண்டும், லீவு கிடைத்தால்.

பனித்துளி70:
ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.