‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு ‘மீட்சி’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நீலகிரியில் ‘வாட்டில்’ எனப்படும் அயல் மரமான சீகையை அகற்றிப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவரும், ஆங்கிலத்தில் ‘ரெஸ்டோரேஷன்’ எனப்படும் பணிக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்ற உரையாடலில் புனரமைப்பு, சீரமைப்பு, மீட்பு, மீள்விப்பு ஆகிய நான்கும் இதுவரை வந்துள்ளன. அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட பிறகு இச்சொல்லின் தேவை கூடியிருக்கிறது. ‘மரங்கள் வெட்டி அகற்றம்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அதைக் காடழிப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

அப்படி எடுத்துக்கொள்வதற்குக் காரணம் பழையது. புல்வெளிகளைத் தரிசு என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் அவற்றில் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டபோது அதற்குக் ‘காடு வளர்ப்பு’ என்றே பெயர் சூட்டினோம். மேட்டில் புல்லும் மடிப்புகளில் சோலை எனப்படும் பசுமைமாறாக் குறுங்காடுமாக அமைந்த இம்மலையின் உச்சிப் பகுதியில், உறைபனியானது சோலை மரக் கன்றுகளைத் திறந்த வெளியில் எளிதில் தலையெடுக்க விடுவதில்லை. வரையாடும் தோடர் எருமையும் காலங்காலமாக மேய்ந்த நிலம் அது. ஆகவே புதிய சொல்லில் ‘காடு’ வரக்கூடாது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

புனரமைப்பும் சீரமைப்பும் சாலைக்கும் கோயிலுக்கும் உரியவை. ஒப்பந்ததாரர் முடித்துக்கொடுத்துப் பட்டியல் போடும் வேலை நினைவுக்கு வருகிறது. மீட்பு எளிய சொல்தான். ஆயினும் மண்சரிவு மாவட்டத்தில் ‘மீட்புப் பணி’ என்றால் எவரும் வேறு பொருளே கொள்வர். மேலும், அடகிலிருந்து மீட்ட நகை வைத்தபடியே கைக்கு வரும். புல்வெளி அவ்வாறு வருவதில்லை. சீகையின் விதை கடினத் தோல் கொண்டது, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடப்பது. மரத்தை வெட்டி வெயில் படவிட்டால் அடுத்த மழைக்கே கால் வைக்க இடமின்றி முளைத்தெழுகிறது. ஆண்டுதோறும் அந்தக் கன்றுகளை ஆட்கள் வேரோடு பிடுங்க வேண்டும்; அந்த இடைவெளியில் புல் தூர்கட்டிப் பரவ வேண்டும். முதலாவது நம் கையில் உள்ளது, இரண்டாவது பெரும்பாலும் மண்ணின் கையில்.

இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் வசதி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மீள்வது மீட்சி, தன்வினை. மீட்பது மீட்பு, பிறவினை. ‘ரெஸ்டோரேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லோ செய்பவரையே முன்னிறுத்துகிறது. நண்பர் முன்வைத்த ‘மீள்விப்பு’ இலக்கணப்படி மிகத் துல்லியமானது. ஆனால் வேட்டைத் தடுப்புக் காவலர் அதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்வாரா என்பது ஐயமே. (மீட்டல் என்று வைத்தால் வீணைக்குப் போய்விடும்.)

எனவே நிகழ்வுக்கு ‘மலைப்புல்வெளி மீட்சி’ என்றும், அதற்காக ஆட்கள் செய்வதற்கு ‘மீட்சிப் பணி’ என்றும் முன்மொழிகிறேன். ‘மலை’ என்ற முன்னொட்டு தேவை. உதகை தாவரவியல் பூங்காவில் கத்தரித்துப் பேணும் புல்தரையையும் நாம் புல்வெளி என்றே சொல்கிறோம். இப்பிரிவு இருந்தால், ‘இச்சரிவில் இவ்வாண்டின் மீட்சிப் பணி முடிந்தது, மீட்சி இன்னும் தொடங்கவில்லை’ என்று ஓர் அறிக்கையில் எழுத முடியும்.

படுகு மொழியும் தோடர் மொழியும் அறிந்தவர்கள், மேய்ச்சல் ஓய்ந்த நிலம் மறுபடி புல்லடைவதற்கு அங்கே வழங்கும் சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். இருந்தால் என் முன்மொழிவைத் திரும்பப் பெறவும் தயங்கேன்.