பேய் காமெடி தியேட்டரில் மட்டும் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

நிலாமுற்றம் (கேள்வி)

மறுவெளியீட்டில் வந்த ஒரு பழைய பேய் காமெடியைப் போன வாரம் பார்த்தேன். பெயரைச் சொன்னால் கதை தெரிந்துவிடும், அதனால் விடுங்கள். படத்தில் எல்லாமே ஓவர். பேய் வந்தால் பச்சை வெளிச்சம், எங்கிருந்தோ புகை, கதவைத் திறந்தால் இடி. ஒரு காட்சியில் சுவரிலிருந்து கை ஒன்று வருகிறது. மணிக்கட்டில் ரப்பர் மடிந்திருப்பது நன்றாகவே தெரிகிறது. அது மேசைமேல் ஊர்ந்து வந்து, கதாநாயகனின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிடுகிறது. அவன் ரொம்பப் பணிவாக "நன்றி" என்கிறான். தியேட்டரே அதிர்ந்தது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அதே கை அவன் கழுத்தைப் பிடித்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் அலறினார், நானும் அலறினேன்.

அண்ணன் இதே படத்தை வீட்டில் லேப்டாப்பில் போட்டுவிட்டு, பாதிகூடப் பார்க்காமல் நிறுத்திவிட்டான். "மொக்கை, கை ரப்பர்னு தெரியுது" என்கிறான். எனக்கு இவ்வளவு பிடித்தது படத்தாலா, கூட்டத்தாலா?

இன்னொன்று. பின்வரிசையில் ஒரு கும்பல் ஒவ்வொரு வசனத்துக்கும் கமெண்ட் அடித்துக்கொண்டே இருந்தது. இந்த மாதிரிப் படத்துக்கு அதுவும் சேர்த்திதானா?

இரவுப்பறவை

எடிட்டிங் ஒரு காரணம். சிரிப்பு அடங்கட்டும் என்று நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு மூச்சு இடம் விட்டு வெட்டுவார்கள். தியேட்டரில் அந்த இடத்தைச் சிரிப்பு நிரப்பிவிடும். தனியாகப் பார்க்கும்போது அது வெறும் மௌனமாகக் கிடக்கும், படம் இழுக்கிற மாதிரி தோன்றும். உங்கள் அண்ணனுக்கு அதுதான் நடந்திருக்கும்.

கேபின்வாசி

நான் தியேட்டர் ஆபரேட்டர், ரீல் காலத்திலிருந்து படம் ஓட்டுகிறேன். கேபினின் சின்னக் கண்ணாடி வழியாகத் திரையைவிடத் தலைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சோகப் படத்தில் தலைகள் அசையாது. பேய் காமெடியில் ஒரு வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் பின்னால் சாயும், அடுத்த நொடி தோள்கள் குலுங்கும். யார் அலறியது என்று எல்லோரும் திரும்புவார்கள். முதலில் சிரிப்பவர் அலறியவராகத்தான் இருப்பார். அதுவரை முன்பின் தெரியாதவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியமாகச் சிரிப்பார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆனால் கூட்டம் மட்டும் போதாது, படத்துக்கும் அந்தத் தெம்பு வேண்டும். கை ரப்பர் என்று தெரிந்தால் தெரியட்டும். நடிகர் அதை நம்புகிறாரா என்பதைப் பாருங்கள். உங்கள் கதாநாயகன் "நன்றி" சொல்லிவிட்டு நம்மைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். நிஜமாகவே நன்றிக்கடன் பட்டவனாகச் சொன்னான், அதனால்தான் தியேட்டர் அதிர்ந்தது. கையை வைத்தே இன்னொரு உதாரணம்: 1987-இல் வந்த 'ஈவில் டெட் 2'. கதாநாயகனாக நடித்த புரூஸ் கேம்ப்பெல்லின் கைக்குள் பேய் புகுந்துவிடும். அவர் தன் கையோடு தானே சண்டை போடுவார். தட்டுகள் அவர் தலையிலேயே உடையும், தன்னைத்தானே தூக்கித் தரையில் அடித்துக்கொள்வார். உடம்பை மட்டும் வைத்து ஒரு மனிதன் செய்யும் வேலை அது. அவர் முகத்தில் துளி விளையாட்டு இருக்காது. வலியும் பயமும்தான் இருக்கும். நாம் சிரித்துக்கொண்டே பதறுவோம்.

கேலிப் படம் எடுப்பவர்களுக்கு மூலப்படத்தின் மேல் எவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதும் முக்கியம். 1974-இல் மெல் புரூக்ஸ் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது கருப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று நின்றார். 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காக கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்த அதே மின்கருவிகளைக் கொண்டுவந்து ஆய்வுக்கூடக் காட்சியில் வைத்தார். பழைய படத்தை மட்டம் தட்டுவதற்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். பொறி பறக்கும் அந்தக் கருவிகளைப் பெரிய திரையில் பார்க்கும்போது அந்தப் பிரியம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

தனியாவர்த்தனம்

கூட்டம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முக்கால்வாசி காலியான காட்சியில்தான் எனக்கு இந்தப் படங்கள் நன்றாகப் பிடிக்கின்றன. இருட்டு, பெரிய திரை, முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிடும் சத்தம், அவ்வளவு போதும். எழுந்து போக முடியாமல் கவனத்தை மொத்தமாகக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் வித்தியாசம். லேப்டாப்பில் பார்ப்பவர் நடுவே போனையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேபின்வாசி

நீங்கள் சொல்வது பயத்துக்குப் பொருந்தும். சிரிப்புக்கு ஆள் வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. தியேட்டர்க் கூட்டத்தை நம்பியே எடுத்த படங்கள் உண்டு. வில்லியம் கேஸிலின் 'தி டிங்லர்' (1959) படத்தில் ஒரு ஜந்து, நாம் பயந்தால் முதுகெலும்பில் வளரும், அலறினால்தான் வலுவிழக்கும். கதையில் அது ஒரு சினிமா தியேட்டருக்குள் தப்பித்துவிடும். அந்த இடத்தில் திரை இருண்டு, "அலறுங்கள்" என்று படத்தின் நடிகர் வின்சென்ட் பிரைஸின் குரல் கேட்கும். அதே நேரம் சில இருக்கைகளுக்கு அடியில் பொருத்தியிருந்த மோட்டார்கள் அதிரும். அந்த வேலையைச் செய்த ஆபரேட்டர்களை நினைத்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து அலறினால் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்?

மூன்றாம்வரிசை

கமெண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. கூச்சலே படமாகிப்போன கதை ஒன்று இருக்கிறது. 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975-இல் வந்தபோது ஓடவில்லை. 1976-இல் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்ட பிறகுதான் பிடித்துக்கொண்டது. ரசிகர்கள் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள், கல்யாணக் காட்சியில் அரிசி எறிவார்கள். ஆனால் அவர்களுக்குப் படம் மனப்பாடம். வசனம் எங்கே நிற்கிறது என்று தெரிந்து அந்த இடைவெளியில்தான் கத்துவார்கள். வந்தவர்களும் அதற்காகவே டிக்கெட் எடுத்தவர்கள். உங்கள் பின்வரிசை வசனத்தின் மேலேயே பேசியிருக்கிறது. சிரியுங்கள், அலறுங்கள், கைதட்டுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அடுத்தவருக்கு அடுத்த வரி கேட்காமல் செய்வது மட்டும் வேண்டாம். நான் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொல்லிவிடுவேன், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. படம் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை இழுத்துக்கொண்டு போகிறேன். எங்கே உட்காரலாம்? கண்ணாடி துடைக்கும் காட்சி வருவதற்கு முன் அவனைத் தயார்படுத்தட்டுமா?

கேபின்வாசி

ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் பக்கம் திரும்பி முகத்தையும் பார்க்காதீர்கள், ஏதோ வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவான். கடைசி வரிசை வேண்டாம், அங்கே சிரிப்பு முன்னால் மட்டும்தான் கேட்கும். நடு வரிசைக்கு ஒன்றிரண்டு வரிசை முன்னால், ஓரம் இல்லாமல் எடுங்கள், நாலு பக்கமும் ஆள் இருக்கும். ஞாயிறு என்றால் மாலைக் காட்சி. காலைக் காட்சியில் தனியாவர்த்தனம் மாதிரி ஆட்கள்தான் வருவார்கள், அவர்களும் நல்லவர்கள்தான், ஆனால் அலற மாட்டார்கள்.