பின்வீலைப் பிடித்து வந்தவர் விழுந்தார், தவறு யாருடையது?

காத்தாடி (ஞாயிறு, பகல் 11.40)
இன்று காலை மகாபலிபுரம் போய்விட்டு ஈசிஆரில் சைக்கிளில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருவிடந்தை தாண்டியதும் பின்னால் ஃப்ரீவீல் சத்தம். பார்த்தால் என் பின்வீலுக்கும் அவருடைய முன்வீலுக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஒரு குட்மார்னிங் இல்லை, ஒரு தலையசைப்பு இல்லை. கோவளம் வந்தது, போனது. ஆள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தார்.

முட்டுக்காடு பாலம் தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தேன். பின்னால் சரக்கென்று ஒரு சத்தம், அவர் தரையில். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. என் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "பிரேக் போடப்போறேன்னு கை காட்ட மாட்டீங்களா?"

நாய் எனக்குக் கை காட்டிவிட்டா வந்தது? சொல்லாமல் பின்னால் ஒட்டி வால் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் நான் எதற்காகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்?

ஒற்றைகியர் (12.05)
தவறு முழுக்க அவருடையதுதான். கேட்காமல் ஒருவர் பைக்கில் ஏறி உட்காருவதும் இதுவும் ஒன்று.

செயின்லூப் (12.30)
ஒற்றைகியர், எப்படி ஒன்றாகும்? காற்றைக் கிழிப்பது எப்படியும் முன்னால் போகிறவர் செய்யப்போகிற வேலைதான். பின்னால் ஒருவர் வருவதால் அவருக்கு ஒரு சொட்டு வியர்வைகூட அதிகமில்லை. பின்னால் வருகிறவருக்கோ நல்ல வேகத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கு உழைப்பு மிச்சம். மார்கழியில் அந்தச் சாலையில் வடக்கே திரும்பி வந்து பாருங்கள். முகத்தில் அறைகிற வாடைக்காற்றில் முன்னால் ஒரு முதுகு கிடைத்தால் சாமி கிடைத்த மாதிரி. பிரெவெட் என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிமீக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் மாறி மாறி முன்னால் போய்த்தான் பலர் அதை முடிக்கிறோம். அங்கே யாரும் விண்ணப்பம் போட்டு வருவதில்லை.

காத்தாடி (12.41)
"மாறி மாறி" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இவர் ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை.

புதுடயர் (1.15)
வணக்கம். விழுந்தவன் நான்தான்.

சைக்கிள் வாங்கி நாலு மாதம் ஆகிறது. காத்தாடி சார் தண்ணீர் ஊற்றியது உண்மை, அதற்கு நன்றி. ஆனால் இரண்டு விஷயத்தை அவர் விட்டுவிட்டார். ஒன்று, திருவிடந்தையில் பக்கத்தில் வந்து "குட்மார்னிங் சார்" என்று சத்தமாகவே சொன்னேன். சார் காதில் இயர்போன் இருந்தது. இரண்டு, நான் முன்னால் போகாததற்குக் காரணம் திமிர் இல்லை, காலில் வலு இல்லாததுதான். அவர் வேகத்துக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

கை காட்டச் சொன்னது வலியில் வந்த பேச்சு. விட்டுவிடுங்கள். ஆனால் வால் பிடிப்பது தவறென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் போகிற குழுவில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஒற்றைகியர் (1.20)
இயர்போனா? காத்தாடி, இதைச் சொல்லவே இல்லையே!

காத்தாடி (1.32)
ஒரு காதில் மட்டும்தான். இடது காது. வண்டிகள் வருகிற வலது பக்கம் திறந்துதான் இருந்தது.

செயின்லூப் (1.35)
நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

காத்தாடி (1.50)
இடது பக்கம். சரி, புரிகிறது.

கிலோமீட்டர்கல் (2.20)
நடுவில் கொஞ்சம் கணக்கு. மணிக்கு 30 கிமீ என்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். முன்னால் போகிறவர் பிரேக் பிடிப்பதைக் கண் பார்த்து, கை பிடிக்க அரை நொடி வைத்தாலும் 4 மீட்டர் ஓடிவிடும். தம்பி விட்டிருந்த இடைவெளி ஒரு முழம். முன்வீல் அடுத்தவர் பின்வீலில் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான். ஹேண்டில் பிடிப்பு போவது அவருக்குத்தானே. அதனால் இதில் மரியாதை என்பது பல்லைக் காட்டிச் சிரிப்பது இல்லை. "பின்னால் இருக்கேன் அண்ணா" என்று ஒரு குரல், அவ்வளவுதான். அது காதில் விழுந்தால் முன்னால் இருப்பவர் ஓட்டுவதே மாறிவிடும். சட்டென்று பிரேக் பிடிக்க மாட்டார், எழுந்து நின்று மிதிக்க மாட்டார், பள்ளம் வந்தால் விரலை நீட்டுவார். பிடிக்கவில்லை என்றால் முழங்கையை ஆட்டி முன்னால் போகச் சொல்வார். பதிலே வரவில்லை என்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு விலக வேண்டும்.

போட்டிகளிலேயே இது ஒன்றுபோல் இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானையே எடுங்கள்: ஒலிம்பிக்கில் வால் பிடிக்கலாம், அயர்ன்மேன் என்கிற நெடுந்தூர டிரையத்லானில் பிடித்தால் தண்டனை.

ஒற்றைகியர் (2.31)
போட்டி என்றால் 2010 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். ஆண்டி ஷ்லெக்குக்குச் செயின் கழன்ற நேரம் பார்த்து அவருடைய போட்டியாளர் கான்டடோர் பாய்ந்தார். அன்று கிடைத்தது 39 நொடி. பாரிஸில் ஜெயித்ததும் அதே 39 நொடியில். அப்புறம் ஊக்கமருந்து வழக்கில் பட்டமும் போனது. சாலையில் மரியாதை தவறினால்…

கிலோமீட்டர்கல் (2.34)
பட்டம் போனது மருந்தால், மரியாதையால் இல்லை. கர்மா கணக்கை இங்கே எழுத வேண்டாம்.

கேரியர்காரன் (4.10)
எல்லோரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் நீலாங்கரையில் காவல் வேலை. தினமும் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அதே சாலையில்தான் வருகிறேன், கேரியரில் சாப்பாட்டுப் பையோடு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்கள் இருபது பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். ஒருத்தர் வண்டியிலும் பெல் கிடையாது. லட்ச ரூபாய் சைக்கிளில் பெல் வைத்தால் எடை கூடிவிடுமாம். பின்னாலிருந்து "ரைட்! ரைட்!" என்று கத்துவார்கள். என்னை வலப்பக்கம் போகச் சொல்கிறார்களா, அவர்கள் வலப்பக்கம் வருகிறார்களா, யாருக்குத் தெரியும்? ஒரு தடவை பயந்து போய் மணலில் இறக்கிவிட்டேன்.

நீங்கள் ஒருவருக்கொருவர் கையைத் தூக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் தூக்கியதில்லை. நானும் சைக்கிள்தானே ஓட்டுகிறேன்?

செயின்லூப் (4.25)
அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெல் இன்றைக்கே வாங்குகிறேன்.

பழையராலே (5.00)
அந்தக் காலத்தில் இந்தச் சண்டையே கிடையாது. எங்கள் ஊரில் பெரியவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவோம். அவர் போன பிறகுதான் ஏறுவோம். டைனமோ வெளிச்சம் கண்ணில் படக்கூடாதென்று திருப்பிக்கொள்வோம். அந்தப் பண்பு போச்சு.

மேட்டுத்தெரு (5.22)
ஐயா, என் தாத்தாவும் இறங்கியிருக்கிறார். பெரியவர் வந்ததால் இல்லை, தெரு வந்ததால். குறிப்பிட்ட தெருவுக்குள் அவர் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எதிரே பத்து வயதுப் பையன் வந்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இது நடந்தது. புதுக்கோட்டையில் 90களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றபோது, அதையும் பண்பு கெட்டுப்போச்சு என்று சொன்னவர்கள் உண்டு. இறங்கினால்தான் மரியாதை என்றால், ஏறி உட்கார்ந்து போக எங்களுக்கு வெகுநாள் ஆனது.

பழையராலே (5.48)
நான் டைனமோவைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எங்கள் தெருவிலும் தள்ளிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஏன் என்று அப்போது கேட்டதில்லை.

புதுடயர் (6.30)
காத்தாடி சார், உங்கள் பின்வீலில் ஸ்போக் ஏதும் வளைந்ததா? சரிசெய்கிற செலவு என்னுடையது.

காத்தாடி (6.44)
ஒன்றும் ஆகவில்லை, தம்பி. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அஞ்சு மணிக்குத் திருவான்மியூர் சிக்னல். போகும்போது நான் முன்னால், வரும்போது ஒரு கிலோமீட்டராவது நீங்கள். தெம்பு அப்படித்தான் வரும். ஆனால் நான் இன்னமும் சொல்கிறேன், ஒரு முழம் போதாது.

புதுடயர் (6.50)
ஒரு வண்டி நீளம் விடுகிறேன்.

செயின்லூப் (6.52)
ஒரு வண்டி நீளம் விட்டால் காற்று மறைப்பில் பாதி போய்விடும்!

கேரியர்காரன் (7.15)
அந்த நாய்க்கு என்ன ஆச்சு?

காத்தாடி (7.21)
ஓடிவிட்டது அண்ணா. பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களோடு சுற்றுகிற நாய்தான், செம்பட்டை நிறம், ஒரு காது நுனி வெட்டியிருக்கும். நாங்கள் காயத்தைக் கழுவி முடிக்கும்போது திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.