டெல்டாவுக்கு ஓர் இசைப் பூங்கா: டாலிவுட் நமக்கு முன்மாதிரியாகுமா?

குடமுருட்டிக்கரை:
நண்பர்களுக்கு வணக்கம். திருவையாற்றுக்கும் திருவாரூருக்கும் இடையே ஓர் இசைப் பூங்கா அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு முன்மாதிரியாக அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பிஜன் ஃபோர்ஜ் என்ற மலையடிவாரச் சிற்றூரில் இருக்கும் டாலிவுட் என்ற கேளிக்கைப் பூங்காவை முன்வைக்கிறேன். அந்தப் பகுதியிலேயே, பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்து பெரும்புகழ் பெற்ற பாடகி டாலி பார்ட்டன், அங்கே ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு பூங்காவில் 1986இல் பங்குதாரராகச் சேர்ந்து தம் பெயரை அதற்குக் கொடுத்தார். இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் அங்கு வருகிறார்கள். நம் தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் தொடங்கப்பட்டதும் அதே 1986இல்தான். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரும், தமிழிசை மூவரின் சீர்காழியும், பரதத்துக்கு இலக்கணம் வகுத்த தஞ்சை நால்வரின் வீதியும் நம்மிடம் இருந்தும், வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மாலை வண்டிக்கே கிளம்பிவிடுகிறார்கள்.

ஆயக்கட்டு:
ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. முன்மாதிரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பூங்கா எப்படி வளர்ந்தது என்பதைப் பாருங்கள். 2001இல் நீர்விளையாட்டுப் பூங்கா, 2012இல் இறக்கை வடிவ ரோலர் கோஸ்டர், 2015இல் பெரிய விடுதி, 2019இல் ஏறத்தாழ 3.7 கோடி டாலர் செலவில் புதிய விளையாட்டுப் பகுதி, 2023இல் இரண்டாவது விடுதி. ஒவ்வொரு படியிலும் நிலம் கேட்டிருக்கிறது, தண்ணீர் கேட்டிருக்கிறது. மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைமடைக்காரனிடம் போய்ச் செயற்கை அலைக்குளம் வெட்ட வேண்டும் என்று யார் சொல்வது? 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய் எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. கேளிக்கைப் பூங்காவையும் தங்கும் விடுதியையும் அது தடுக்காது. ஆகவே வயலைக் காக்க அந்தச் சட்டம் துணைக்கு வரும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம்.

ஏழூர்ப்பல்லக்கு:
எனக்கு நிலத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. டாலிவுட்டின் பெயருக்கு உரியவர் உயிரோடிருந்து, அதன் உரிமையில் பங்கு வைத்து, எது நடக்கலாம் எது நடக்கக் கூடாது என்று தாமே சொல்லக்கூடிய இடத்தில் இருந்துகொண்டே அதை வளர்த்தார். 1847இல் சமாதியடைந்த தியாகராஜரின் பெயரில் அப்படிச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? திருவையாற்றில் கவனிப்பாரின்றிக் கிடந்த அவருடைய சமாதியை 1920களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் சந்நிதியில் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில் தனியாக ஆராதனை நடத்தி, 1940களின் தொடக்கத்தில் ஆராதனை நடத்திய குழுக்கள் ஒன்றுபடும்வரை அந்த அம்மையார் போராடினார். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இடத்துக்குப் பக்கத்தில் நுழைவுச் சீட்டு விற்பதை என் மனம் ஒப்பவில்லை.

நாணல்தட்டை:
எல்லோரும் 1986இலோ அதற்குப் பின்னோதான் கணக்குத் தொடங்குகிறீர்கள். அந்தப் பூங்கா 1961இல் ஒரு நீராவி ரயிலாகப் பிறந்தது. அலாஸ்காப் பக்கம் ஓடிய பழைய எஞ்சின்களைக் கொண்டுவந்து, மலையைச் சுற்றிப் பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். 1970இல் கை மாறியது, பெயரும் மாறியது. 1976இல் மிசௌரி மாநிலத்தில் கைத்தொழில் பூங்கா நடத்திய ஹெர்ஷெண்ட் குடும்பத்தார் அதை வாங்கி, கொல்லர் உலையையும் 1982இல் தண்ணீரால் சுழலும் மாவு ஆலையையும் உள்ளே கொண்டுவந்தார்கள். டாலி பார்ட்டன் பங்குதாரராகச் சேர்ந்தபோது மலைமக்களின் தொழில்கள் அங்கே வேரூன்றியிருந்தன. அவர் தாம் பிறந்து வளர்ந்த இரண்டு அறை வீட்டின் மாதிரியையும் பாட்டையும் அவற்றோடு சேர்த்தார். அந்த ரயில் இன்றும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. ரோலர் கோஸ்டர் எந்த ஊரிலும் கிடைக்கும்; அங்கு வருபவரை மறுபடி வரவைப்பது வேறு எங்கும் கிடைக்காத அந்தப் பட்டறைகள்தாம் என்பது என் துணிபு.

நம்மிடம் அப்படிப்பட்டது எது என்று கேட்டால், நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். இடித்த பழைய வீடுகளின் உத்திரங்களில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள், பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும் என்பதால். அதைக் கடைந்து, நீளவாக்கில் துளைத்து, ஏழு விரல் துளைகளையும் இட்டு, கீழே அணசு என்னும் விரிந்த வாய்ப்பகுதியைப் பொருத்தி, ஊதும் சீவளியை வைத்து ஊதி ஊதிச் சுருதி பார்ப்பார்கள். துளையின் விளிம்பில் ஒரு சுரண்டல் கூடிவிட்டாலும் மரம் வீண்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்கேற்ப ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் என்ற நீண்ட நாகசுரத்தைச் செம்மைப்படுத்தியது இந்த ஊரில்தான். 2022இல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013லேயே கிடைத்துவிட்டது. குறியீடு வந்தும் அடுத்த தலைமுறை பட்டறைக்கு வரவில்லையே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

குடமுருட்டிக்கரை:
பூங்கா வந்தால் அந்தப் பிள்ளைகள் வருவார்கள் என்பதுதான் நானும் சொல்வது. அந்தப் பகுதியின் 2016 காட்டுத்தீயில் வீடிழந்த குடும்பங்களுக்கு டாலி பார்ட்டனின் அறக்கட்டளை ஆறு மாதம் மாதந்தோறும் குறைந்தது 1,000 டாலர் கொடுத்தது. 2022இல் தம் ஊழியர்களின் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் ஏற்பதாகப் பூங்கா அறிவித்தது. ஊரோடு சேர்ந்து வளர்ந்த நிறுவனம் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ஆயக்கட்டு:
நல்ல செயல்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அதே பூங்கா ஜனவரியிலிருந்து மார்ச் நடு வரை மூடப்பட்டிருக்கும் என்பதையும், பணிகளில் பல பருவத்தைச் சார்ந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆராதனை தை மாதத்தை ஒட்டி வருகிறது. சம்பா அறுப்பும் அப்போதுதான். கூட்டம் மிகுந்து பூங்காவுக்கு ஆள் தேவைப்படும் அதே வாரங்களில்தான் களத்துக்கும் ஆள் தேவை. திருவையாறு புறவழிச்சாலைக்கு வயல் போனபோது விவசாயிகள் தெருவில் நின்றதை அதற்குள் மறந்துவிட முடியாது.

நாணல்தட்டை:
ஆயக்கட்டு ஐயா சொல்வதை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன்: நிலமே எடுக்காமல் செய்தால்? தஞ்சாவூர்–மயிலாடுதுறை இருப்புப்பாதையில் கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, அடுத்து நரசிங்கம்பேட்டை என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. வார இறுதியில் ஒரு வண்டி, இறங்கும் ஊர்களில் பட்டறையும் பயிற்சிக்கூடமும், மாலையில் கோயில் வாசலில், சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியோடு ஒரு கச்சேரி. வேலி போட்டு அடைத்த பூங்கா வேண்டாம். ஏழூர்ப்பல்லக்கு அம்மா அஞ்சுகிற நுழைவுச் சீட்டுக்கும் இடமிருக்காது.

ஏழூர்ப்பல்லக்கு:
திருவையாற்றுச் சப்தஸ்தான விழாவில் பல்லக்கு ஏழு ஊர்களுக்கும் போய்வருவது இப்படித்தானே! இதற்கு என் முழு ஒப்புதல். சமாதி வளாகத்தில் மட்டும் எந்தக் கடையும் வரக்கூடாது.

குடமுருட்டிக்கரை:
விடுதியும் பெரிய அரங்கும் இல்லாமல் மக்கள் இரவு தங்க மாட்டார்கள் என்றே இன்னமும் கருதுகிறேன். ஆயினும் தொடக்கமாக இதை எதிர்க்க மாட்டேன்.

ஆயக்கட்டு:
எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுற்றுலா வண்டி நிற்கும் நேரத்தில் பட்டறைக்காரர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு அவருக்குக் கூலி கொடுப்பது யார், எவ்வளவு? அதை முதலில் நரசிங்கம்பேட்டையிலேயே கேட்டு வந்து இங்கே எழுதுங்கள்; மற்றதைப் பிறகு பேசலாம்.