பிராட்பரி மலை, சனிக்கிழமை வலசைப் பருந்து எண்ணிக்கை (மெய்ன் மாநிலம், போர்ட்லேண்ட் தமிழ்க் குடும்பங்கள் குழு)

வியாழன்

நித்யா, இரவு 8:12
சனிக்கிழமை பிராட்பரி உறுதிதானே அண்ணா? காத்து எப்படி?

செல்வம், 8:15
உறுதி. காலையில தென்மேற்கு, அப்புறம் மேற்குன்னு போட்டிருக்கான். ஏப்ரல் கடைசி வாரம், பிராட்விங் பருந்து கூட்டம் கூட்டமா வர்ற நேரம். மேற்குக் காத்து அதுங்கள கடற்கரைப் பக்கம் தள்ளி நம்ம தலைக்கு மேல கொண்டுவரும்.

கமலா, 8:19
கடல் காத்தை மறந்துட்டியே செல்வம். காஸ்கோ பே (பக்கத்து விரிகுடா) தண்ணி இன்னும் குளிர்தான். மேற்குக் காத்து வலு இல்லாம இருந்தா மத்தியானம் கடல் காத்து உள்ள நுழைஞ்சு தெர்மலை, அதான் பறவைங்களை மேல தூக்கிவிடுற சூடான காத்தை, அடக்கிடும். கூட்டம் மேற்கே உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துடும். எண்ணிக்கை திடீர்னு சரிஞ்சா மூட்டை கட்டிடாதீங்க. மேற்கு அடிவானத்தைத் துழாவுங்க, மிளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா தெரியும்.

முருகேசன், 8:24
பேருதான் மலை, உயரம் 485 அடி. கால் மணி நேரத்துல ஏறிடலாம். ஆனா உச்சி வெறும் பாறை, காத்துக்கு மறைப்பே கிடையாது. விரல் மரத்துப்போனா கிளிக்கர் (எண்ணுற கருவி) அழுந்தினதா இல்லையான்னே தெரியாது, மெல்லிசா ஒரு கையுறை வேணும். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, உண்ணி கிளம்பிடுச்சு.

நித்யா, 8:27
கெட்டில், அதான் வட்டமடிச்சு மேல ஏறுற கூட்டம், சுத்தும்போது ஒருத்தர் 40ங்கறாங்க, பக்கத்துல 55ங்கறாங்க. எதை எழுதுறது?

செல்வம், 8:33
ரெண்டையும் எழுதாத. சுத்தும்போது எண்ணவே கூடாது. ஒண்ணை ஒண்ணு மறைக்கும், பக்கவாட்டுல திரும்பினா பாதி காணாமப் போயிடும், கீழேருந்து புதுசும் சேரும். தெர்மல் உச்சிக்குப் போனதும் சிறகை ஒடுக்கி வரிசையா வடகிழக்கே சறுக்கும் பாரு, அங்கதான் எண்ணணும். பைனாகுலரை அந்த வரிசை மேல நிறுத்தி அசைக்காத. தென்கிழக்கைப் பார்த்து நின்னா அதுங்க இடப்பக்கமா போகும், பார்வை வட்டத்தோட இடது ஓரம்தான் உன் கோடு. கோட்டைத் தாண்டினா ஒரு கிளிக்.

செல்வம், 8:35
நெருக்கமா வந்தா அஞ்சு எண்ணி, அந்த அஞ்சு எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கோ. அதே அளவை நகர்த்தி நகர்த்தி எண்ணு. ஒருத்தர்தான் எண்ணணும். இன்னொருத்தர் நடுவுல ஆஸ்ப்ரே, ஷார்ப்பின் மாதிரி வேற இனப் பருந்து கலந்திருக்கான்னு பார்த்துச் சொல்லணும். ரெண்டு பேர் கணக்கையும் கூட்டிடாதீங்க!

நித்யா, 8:37
போட்டோ எடுத்துட்டு வீட்ல எண்ணினா?

கமலா, 8:40
சறுக்குற வரிசைன்னா சரிபார்க்க உதவும். பெரிய கெட்டில் ஒரு படத்துல அடங்காது. ரெண்டு படத்தை ஒட்டினா ஒரே பறவை ரெண்டு தடவை வந்துடும்.

முருகேசன், 8:46
வலசை போகாத உள்ளூர்ப் பறவைங்க கிட்ட ஏமாறாதீங்க. டர்க்கி வல்ச்சர் (பிணந்தின்னிக் கழுகு) அங்கேயே சுத்திக்கிட்டு கிடக்கும். சிறகுல இறகு விழுந்த இடைவெளி இருக்கான்னு பாருங்க. இடது சிறகுல அதே இடத்துல அதே ஓட்டை மறுபடி வந்தா, அது அதே ஆளுதான். வடக்கே தாண்டிப் போய் மறையற வரைக்கும் எண்ணாதீங்க.

நித்யா, 8:48
ஷார்ப்பின், கூப்பர்ஸ் பருந்து ரெண்டும் எனக்கு ஒண்ணாவே தெரியுது 😩

கமலா, 8:52
அளவை நம்பாத, தலையைப் பாரு. கூப்பர்ஸுக்கு தலை முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், வால் நுனி வளைவு. ஷார்ப்பினுக்கு தலை தோளுக்குள்ள புதைஞ்ச மாதிரி, சிறகடிப்பு படபடன்னு. முடிவு பண்ண முடியலைன்னா ‘இனம் தெரியாதது’ன்னு எழுது, அதுக்குன்னே படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. ஊகிச்சு பிராட்விங்ல தள்றதுதான் கணக்கைக் கெடுக்கும்.

செல்வம், 8:55
மேகமே இல்லாத நீலவானம்தான் மோசம். பறவை உயரமாயிருந்தா கண்ணுக்கு பிடியே கிடைக்காது. பைனாகுலரை முதல்ல தூரத்து மரத்து மேல ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறம் வானத்துக்குத் தூக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னாடி பார்த்த இடத்தோட பாதி வட்டம் மேல்படியணும். 8x42 (8 மடங்கு பெருசாக்குற பைனாகுலர்) போதும், 10x கை நடுங்கினா பிரயோஜனமில்லை.

முருகேசன், 9:01
இன்னொண்ணு. உச்சியில அதிகாரப்பூர்வமா எண்ணுறவர் இருப்பார். 2007லேருந்து மார்ச் 15 – மே 15, தினமும் 9 டு 5 நடக்குது. நம்ம கணக்கு பயிற்சிக்கு மட்டும். அவர் கிளிக்கர் அழுத்தும்போது பேச்சு குடுக்காதீங்க. பறவை கண்ணுல பட்டா ‘அதோ அதோ’ன்னு கத்தாம, எந்த மேகம், அதுக்கு எந்தப் பக்கம், எத்தனை பைனாகுலர் வட்டம் மேலன்னு சொல்லுங்க.

நித்யா, 9:03
மணிக்கு மணி வானிலையும் எழுதணுமா மாமா?

முருகேசன், 9:06
கட்டாயம். காத்து திசை, வேகம், வெப்பம், மேகம் எத்தனை சதவீதம். பறக்குற உயரத்துக்கு 0–7 குறியீடு: 0ன்னா கண் மட்டத்துக்குக் கீழ, 4ன்னா வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர்ல தெரியும். பறவையே வராத மணிக்கும் பூஜ்யம்னு எழுது. காலி விட்டா ஆள் இல்லைன்னு ஆயிடும்.

கமலா, 9:08
வாசல்ல நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை வெச்சுக்கோங்க. யார் கார்ல எத்தனை இடம் இருக்கு?