சிசரோவைப் பற்றிப் பேச ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம்: எங்கே தொடங்கலாம்?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
வணக்கம். உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிக்கிற என் மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்குப் பழைய உரோமின் பெரும் பேச்சாளர் சிசரோவை எடுத்திருக்கிறாள். கி.மு. 106இல் ஆர்ப்பினத்தில் பிறந்தார், 63இல் உரோமின் உச்சப் பதவியான கொன்சல் ஆனார், 43இல் கொல்லப்பட்டார் என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்றும் பிழையில்லை, ஆனால் ஆளை அதற்குள் காணவில்லை. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவுக்கு எதிரான பேச்சோடு தொடங்கச் சொல்லவா, சாவோடு தொடங்கச் சொல்லவா? அவள் படுவான்கரைப் பிள்ளை, தகப்பன் வெள்ளாமை செய்கிறவர்.

நாவிதன்வெளி வட்டைக்காரன்:
ரெண்டும் வேணாம் ரீச்சர். சிசிலியில தொடங்கச் சொல்லுங்க. வெள்ளாமைக்காரன்ட பிள்ளை தன்ட வாயால பேசக்கூடிய இடம் அதுதான்.

வெரஸ் எண்ட ஆளுநர் கி.மு. 73 தொடக்கம் மூண்டு வருஷம் அந்தத் தீவை ஆண்டவன். விளையிற கோதுமையில பத்தில ஒண்டு உரோமுக்கு வரி. அதை அறவிடுற உரிமையை ஏலத்தில விடுவாங்க. ஹியரோ அரசன் காலத்துச் சட்டம் ஒண்டு இருந்தது. கமக்காரனும் ஏலக்காரனும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தேலாதபடி கட்டின சட்டம். வெரஸ் அதை முறிச்சான். ஏலக்காரன் கேட்டதை முதல்ல குடு, வழக்கு வேணுமெண்டா மறுகா வை. அவனோட பேசி முடியாம களத்தில இருந்து ஒரு மணியும் எடுக்கேலாது.

அந்தக் கடைசிக் கட்டளையைப் பிள்ளை நல்லா விளங்கி எடுக்கவேணும். சூடடிச்ச நெல் களவெட்டியில குவிஞ்சு கிடக்கு, மழை இருட்டுது, வாங்க வந்தவன் ஈரமெண்டு மூடைக்கு மூடை கழிக்கிறான். அந்த நேரம் எங்கட அப்பா ஒரு சொல்லும் பேசமாட்டார். மற்ற நேரமெல்லாம் ஊருக்கே நியாயம் சொல்ற மனிசன். வெரஸ் பிடிச்சது அந்த நேரத்தைத்தான்.

சிசரோ 75இல சிசிலியின்ட மேற்குப் பக்கம், லிலிபேயத்தில நிதி அதிகாரியா இருந்தவர். நேர்மையானவரெண்டு பேர் இருந்ததால, வெரஸ்மேல வழக்குப் பேசச் சொல்லிச் சனம் அவரிட்டப் போனது. சாட்சி சேர்க்க 110 நாள் கேட்டவர், 50 நாளில தீவு முழுக்கச் சுத்தி முடிச்சார். அஜிரியம் எண்ட ஊரில வெரஸ்ட முதல் வருஷம் 250 கமக்காரர், மூண்டாம் வருஷம் 80. லியொந்தினியில 84 பேர் இருந்த இடத்தில 32. இப்பிடி ஊர் ஊரா எழுதி வைச்சிருக்கார். வயல் வட்டையைப் பாக்கிற எங்கட வட்டவிதானைமாரும் எந்தத் துண்டு தரிசாக் கிடக்கு, ஆர் விட்டுட்டுப் போனதெண்டு இப்பிடித்தான் சொல்லுவாங்க. அவர்ட குரலைவிட இந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிசு.

கல்முனை சட்டத்தரணி:
தம்பி சொன்னது நல்ல தொடக்கம். ஒரு விஷயத்தில் மட்டும் மகள் கவனமாக இருக்க வேண்டும்: அந்தக் கணக்கை அவர் நீதிமன்றத்தில் முழங்கினார் என்று பேசிவிடக் கூடாது. எதிர்த்தரப்பில் நின்ற ஹோர்த்தென்சியஸ் அன்றைய முதல் வழக்கறிஞர், அடுத்த வருஷக் கொன்சலாகவும் தெரிவானவர். வழக்கை இழுத்து வருஷத்தைக் கடத்துவது அவர்கள் திட்டம். சிசரோ தன் நீண்ட பேச்சை விட்டுவிட்டு உடனே சாட்சிகளை ஏற்றினார். சில நாட்களில் வெரஸ் மசீலியாவுக்கு, இன்றைய மார்செய்க்கு, ஓடிவிட்டான். கமக்காரர் கணக்கு வருகிற பகுதி பிறகு எழுத்தாக வெளிவந்தது மட்டும்தான். பேச்சால் பேரெடுத்த மனிதன் பேச்சைக் கைவிட்டு வென்ற வழக்கு இது.

கி.மு. 63ஐயும் விடக்கூடாது. கத்திலினாவின் கூட்டாளிகள் ஐந்து பேரைச் சிசரோ டிசம்பர் 5ஆம் திகதி வழக்கு விசாரணை இல்லாமல் கொல்ல வைத்தார். மக்கள் மன்றத்தில் முறையிடும் உரிமை உரோமக் குடிமகனுக்கு இருந்தது. சீசர் செனட்டில் எழுந்து, கொல்லாமல் சிறைவையுங்கள் என்றார், எடுபடவில்லை. இதையே பிடித்துச் சிசரோவின் எதிரி குளோடியஸ் 58இல் சட்டம் கொண்டுவந்தான். சிசரோ நாடு கடந்து போனார், பலத்தீன் மேட்டிலிருந்த வீட்டை இடித்தார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்தார். நான் அவரை நேசிக்கிறவன்தான், ஆனாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட மாட்டேன். விசாரணையில்லாமல் என்ற சொல்லை லேசாகக் கடந்துபோகிற வீடு எங்கள் பகுதியில் எது?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
இரண்டு பேருக்கும் நன்றி. 250, 80 என்ற கணக்கோடு தொடங்கச் சொல்லிவிட்டேன். அவள் உடனே கேட்டாள்: வழக்கு வென்ற பிறகு கமக்காரருக்குக் காசு கிடைத்ததா? அதோடு, சாவுக்கு எத்தனை வரி விடலாம்?

கல்முனை சட்டத்தரணி:
சிசரோ கேட்டது உரோம நாணயத்தில் 4 கோடி செஸ்தர்ஸ். விதித்த தண்டம் கிரேக்க நாணயத்தில் ஏழரை இலட்சம் திராக்மா என்று அவருடைய வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அது 30 இலட்சம் செஸ்தர்ஸ், கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறைவென்று அப்போதே அவரைக் குறை சொன்னார்கள். பிள்ளை இதையும் மறைக்காமல் சொல்லட்டும்.

நாவிதன்வெளி வட்டைக்காரன்:
சாவுக்கு ரெண்டு வரி போதும் ரீச்சர். சீசர் செத்த பிறகு அதிகாரத்தைப் பிடிச்ச அந்தோனிக்கு எதிரா 14 பேச்சு, 43 டிசம்பர் 7இல கொலை, வெட்டின தலையையும் கையையும் பேச்சு மேடையில வைச்சது. இன்னொரு வரி இடமிருந்தா வெரஸ்ட முடிவையும் சேருங்க. மசீலியாவில சுகமா இருந்தவனையும் அதே அந்தோனிதான் கொலைப் பட்டியலில போட்டவன். கொரிந்து வெண்கலப் பாத்திரங்களைக் குடுக்க மறுத்தானாம். பழைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைச்சிருக்கார்.