வெள்ளிச் சாயமேற்றலா, வெள்ளிக்கறையூட்டலா?

வேலூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இளநிலை உயிர்வேதியியல் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறோம். திங்கட்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எலக்ட்ரோஃபோரெசிஸ், அதாவது மின்புலத்தால் புரதங்களைப் பிரிக்கும் வேலை, முடிந்தபின் ஜெல்லில் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும் புரதங்களை வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு கண்ணுக்குப் புலப்படுத்தும் முறைக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. 1979இல் வெளியான இந்த முறை, புரதங்களுக்கு வழக்கமாக ஏற்றும் கூமாசி நீலச் சாயத்துக்குத் தட்டுப்படாத நானோகிராம் அளவுப் புரதத்தையும் காட்டிவிடும். பாடநூல்களில் 'சாயமேற்றல்' பழகிய சொல்லாகிவிட்டதால், இதனை 'வெள்ளிச் சாயமேற்றல்' எனலாமா?

சோடியம் கார்பனேட்டும் ஃபார்மால்டிஹைடும் கலந்த கரைசலில் பட்டைகள் மெல்ல எழும் கட்டத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இதற்கு நிகரான வேலையைக் 'கழுவுதல்' என்றார்கள். ஜெல்லை இடையிடையே நீரில் உண்மையாகவே கழுவ வேண்டியிருப்பதால் அச்சொல் இங்கே குழப்பும்.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, வெள்ளி ஒரு சாயமே அன்று. எங்கள் ஊரில் நூலுக்குச் சாயம் போடுகிறவர் எவரையும் கேளுங்கள். தொட்டியில் உள்ள நிறமே நூலில் ஏறும் என்பார். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலோ நிறமற்றது. அதிலுள்ள வெள்ளி அயனிகள் புரதத்தின் அமினோ, கார்பாக்சில், தயோல் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, பின்னர் ஃபார்மால்டிஹைடால் ஒடுக்கப்பட்டு உலோகமாகப் படிகின்றன. பட்டையின் நிறம் பழுப்பு அல்லது கறுப்பு. 'வெள்' என்னும் வேரிலிருந்து வந்த வெள்ளியைச் சாயத்தோடு சேர்த்தால், மாணவர் வெண்ணிறப் பட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே 'வெள்ளிக்கறையூட்டல்' என்பதை முன்வைக்கிறேன். கறை என்றாலே இழுக்கு என்பது பிற்கால வழக்கு. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து சிவனின் கறைமிடற்றை, கறுத்த கழுத்தை, அணியாகவே பாடுகிறது. கருமை என்ற பொருளும் அதில் இயல்பாக அடங்குகிறது. பட்டை எழும் கட்டத்துக்குத் 'துலக்கல்' போதும்.

ஆரணியிலிருந்து:

கறைமிடற்றின் அழகை மறுப்பவர் இங்கே யாரும் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கறை என்றால் பிழை. கையுறை இல்லாமல் ஜெல்லைத் தொட்டால் விரல் தோலின் கெரட்டின் என்னும் புரதம் ரேகையோடு பதிந்து கறையாகிறது. பட்டை எழுவதை நேரம் கடந்து அசெட்டிக் அமிலத்தால் நிறுத்தினால் ஜெல் முழுதும் பழுத்துப்போகிறது. எல்லாவற்றையும்விட நம் பகுதிக்குரிய தொல்லை ஒன்று உண்டு. தோல் பதனிடும் தொழிலால் உப்பேறிய பாலாற்றுப் படுகையின் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவறுதலாக ஊற்றிவிட்டால், குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகி, பால் கலந்ததுபோல் கரைசல் கலங்கிவிடும். அயனி நீக்கிய நீரைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். இத்தனை கறைகளைத் தவிர்க்கச் சொல்லும் பக்கத்துக்குக் 'கறையூட்டல்' என்று தலைப்பிடுவது எப்படிப் பொருந்தும்?

தொட்டியில் உள்ள நிறமே ஏறும் என்ற வாதத்தையும் ஏற்பதற்கில்லை. அவுரித் தொட்டியிலிருந்து நூல் மஞ்சட்பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டபின்னரே நீலமாகிறது. அதனையும் நம் முன்னோர் சாயம் என்றே சொன்னார்கள். சாயமேற்றல் செயலின் பெயராக நிற்கட்டும்.

'துலக்கல்' நல்ல சொல்தான். ஆயினும் உளவியலில் 'தூண்டல்–துலங்கல்' இருக்கிறதே என்ற தயக்கம் உண்டு.

குடியாத்தத்திலிருந்து:

அந்தத் தயக்கம் தேவையில்லை, அம்மா. துலங்குதல் தன்வினை, துலக்குதல் பிறவினை. பட்டை தானாகத் துலங்குகிறது. நாம் கரைசலை ஊற்றித் துலக்குகிறோம். கலங்கு, கலக்கு என்ற வேறுபாட்டை அறிந்த மாணவருக்கு இதில் குழப்பம் நேராது.

வேலூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பான்மையோர் 'வெள்ளிச் சாயமேற்றல்' என்பதையே ஏற்றதால் அதனையே தலைப்பில் இடுகிறேன். 'துலக்கல்' எதிர்ப்பின்றி நிற்கிறது. கரைசலும் இனித் 'துலக்கி'.

குடியாத்தத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் உலோகம் படிவதைச் சாயம் என்பதற்கு என் இசைவு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் குறைந்தது 'வெள்ளிப் படிவிப்பு' என்றாவது மாற்றுங்கள். இப்போதைக்கு, பட்டைகள் கறுத்தே தெரியும் என்ற ஒரு வரியைத் தலைப்புக்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள்.